பிடியை வெளியே கொடுக்கலாம், பொருத்தைக் கொடுக்காதீர்கள்

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “எனக்குத் தச்சு வேலை தெரியும். மூன்று வருடமாக உடைந்த கிரிக்கெட் மட்டைகளைத் திருத்திக் கொடுக்கிறேன். இனிச் சொந்தமாகச் செய்து விற்க யோசனை. பிடியையும், அரைவாசி செதுக்கிய அலகையும் (பந்தை அடிக்கும் பலகைப் பகுதி) இந்தியாவிலிருந்து எடுப்பித்து இங்கே முடித்தால் அதைக் கைவேலை என்று சொல்லலாமா? எதை வெளியே செய்விக்கலாம், எதை நானே செய்ய வேண்டும்? அப்புறம், மட்டைக்குத் தேங்காய் எண்ணெய் பூசினால் போதாதா?”

தம்பி, முதல் கேள்விக்கு ஒரு வரியில் பதில்: சொல்லலாம். ஆனால் எந்தக் கை எதைச் செய்தது என்று வாங்க வந்தவன் கேட்டால் முழிக்காமல் சொல்லத் தெரிய வேண்டும். மற்றதைக் கொஞ்சம் விரித்துத்தான் எழுத வேண்டும். என் அப்பா ஓடாவி. ஃபைபர் படகு வந்து மரத்தோணி வேலை படுத்த பிறகு கதவு, யன்னல் என்று இறங்கினார். நான் அவருடைய சீவுளியையும் உளிகளையும் எடுத்துக்கொண்டு மட்டை வேலைக்கு வந்தவன். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. நானும் உங்களைப் போலத் திருத்த வேலையில்தான் தொடங்கினேன். அது நல்ல தொடக்கம். உடைந்த மட்டையைப் பிரித்துப் பார்த்தவனுக்குத்தான் மட்டை எங்கே உடையும் என்று தெரியும்.

“எல்லாவற்றையும் நானே செய்தால்தான் கைவேலை” என்ற வீம்பு எனக்கும் இருந்தது. அது உதவாது. மரத்தை எடுங்கள். நல்ல மட்டைக்கான வெள்ளை வில்லோ இங்கிலாந்தில், எசெக்ஸ், சஃபோக் பக்கங்களில் தண்ணீர் ஓடும் கரையோரமாக வளர்வது. 15, 20 வருடத்தில் வெட்டுவார்கள். உருளையாக அறுத்து, வாளால் நறுக்காமல் ஆப்பு அடித்துப் பிளப்பார்கள். அப்போதுதான் பிளவு நாரோடு போகும். இரண்டு நுனியிலும் மெழுகு தோய்த்துக் காயவைப்பார்கள். எசெக்ஸில் ஜே.எஸ். ரைட் என்ற குடும்ப நிறுவனம் 1894 முதல் இதையே செய்துவருகிறது. பெரிய பெரிய பெயர்களெல்லாம் அங்கேதான் கட்டை வாங்குகின்றன. பிடிக்கான பிரம்பு மலேசியாவின் சரவாக் பக்கத்துக் காட்டிலிருந்து வருகிறது. அந்தப் பிரம்பை ஒட்டிக் கடைந்து பிடியாக்குவது இந்தியாவின் மீரட், ஜலந்தர், பாகிஸ்தானின் சியால்கோட் போன்ற ஊர்களில் தனித் தொழில். பிடி செய்கிறவன் அலகைத் தொடமாட்டான். இங்கிலாந்துப் பெயர் ஒட்டிய எத்தனையோ மட்டைகள் இங்கிலாந்தில் பிளந்து, இந்தியாவில் செதுக்கி, திரும்பக் கப்பலேறிப் போனவை. அதையெல்லாம் யாரும் குறைவாகப் பேசுவதில்லை. பிடியும் அலகும் ஒரே மரத்தில் இருந்த காலம் எப்போதோ போய்விட்டது. 1880களில் சார்ல்ஸ் ரிச்சர்ட்சன் என்ற பொறியியலாளர் பிரம்புப் பிடியை ஆப்பு வடிவில் அலகுக்குள் இறக்கும் முறையைக் கொண்டுவந்தார். இன்றைய மட்டை இரண்டு தொழில்களின் பிள்ளை.

நம்மூர் மரத்தில் செய்ய முடியாதா என்று கேட்பீர்கள். எல்லோரும் கேட்பார்கள். நான் பூவரசிலும் செய்து பார்த்தேன், முதிரையிலும் செய்து பார்த்தேன். முதிரை அருமையான மரம், கட்டில் செய்யுங்கள். ஒரே அளவுக்கு வில்லோவைவிட இரண்டு மடங்குக்கு மேல் நிறை. அந்த மட்டையைத் தூக்கினால் பந்து விக்கெட் காப்பாளரின் கைக்குப் போன பிறகுதான் சுழற்றி முடிப்பீர்கள். நிறையைக் குறைக்கச் சீவினால் மெலிந்துபோய் கையில் அதிர்வு ஏறும். பூவரசு பரவாயில்லை, ஆனால் ரேகை நேராக ஓடாது, கடினப்பந்து நாலைந்து பட்டதும் விளிம்பில் செதில் செதிலாகக் கழரும். வில்லோ மெத்தென்ற மரம். அதன் நார்க் கண்களுக்குள் காற்று அதிகம். மேல்முகத்தை அழுத்தி இறுக்கினால் தோல் கடினமாகும், உள்ளே பஞ்சு பஞ்சாகவே இருக்கும். இந்த இரண்டும் ஒரே கட்டையில் சேர்ந்திருப்பதால்தான் பந்து பறக்கிறது.

சரி, பிடிக்கு வருவோம். பிடியை வெளியே வாங்குங்கள், கவலையே வேண்டாம். ஒருமுறை கொழும்பு - கண்டி வீதியில் வேவல்தெனியப் பக்கம் பிரம்பு வேலைக்காரரிடம் பிரம்பு வாங்கிவந்து நானே பிடி செய்தேன். பிரம்பென்றால் எங்கள் தலைமுறைக்குப் பள்ளிக்கூட ஞாபகம்தான் வரும், அது வேறு கதை. ஒரு பிடிக்கு ஒன்பது, பன்னிரண்டு துண்டுகள் வேண்டும். ஒவ்வொன்றையும் நாலு பக்கமும் சீவிச் சதுரமாக்கி, இடையில் றப்பர் அல்லது கோர்க் பட்டை வைத்து ஒட்டி, ஒருநாள் இறுக்கிக் கட்டி வைத்து, பிறகு கடைய வேண்டும். அந்தப் பிரம்பு கதிரைக்கு வளைக்க உகந்தது, பிடிக்குத் தேவையான பருமனும் நேரும் அதில் கிடைக்கவில்லை. ஒரு பிடிக்கு எனக்கு அரை நாளுக்கு மேல் போனது. ஆறு பிடியில் இரண்டுதான் தேறியது. கடையில் வாங்கிய பிடி அந்த இரண்டையும்விட நன்றாக இருந்தது. அன்றோடு விட்டேன்.

ஆனால் பிடி மூட்டையாக வந்து இறங்கியதும் கண்ணை மூடிக்கொண்டு அடுக்கிவிடாதீர்கள். ஒவ்வொன்றையும் கண்மட்டத்தில் பிடித்து நீளவாட்டில் பாருங்கள், முறுக்கு இருந்தால் தெரியும். இரண்டு நுனியையும் கையில் பிடித்து முழங்காலில் வைத்து மெல்ல வளையுங்கள். ஒட்டு விட்டிருந்தால் ‘கிறுக்’ என்று சின்னச் சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்த பிடியைத் தனியே வைத்துவிடுங்கள், மட்டை திருத்த வருகிறவனுக்குக்கூடப் போடாதீர்கள். நூறில் ஐந்தாறாவது இப்படி இருக்கும்.

அலகு விடயத்தில்தான் நான் சூடுபட்டவன். சில வருடங்களுக்கு முன் ஓடர் கூடிவிட்டது. தனி ஆளாக முடியவில்லை. நல்ல கட்டை இருபத்துநாலு என்னிடம் இருந்தது. அவற்றை வெளியூரில் ஒரு வேலைத்தளத்துக்கு அனுப்பி, அச்சு மட்டையைப் பார்த்து அப்படியே செதுக்கும் மெசினில் போட்டுத் தரச் சொன்னேன். வந்ததைப் பார்க்க வடிவாகத்தான் இருந்தது. இருபத்துநாலும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. தராசில் வைத்தபோதுதான் வயிறு கலங்கியது. ஒன்று 2 றாத்தல் 6 அவுன்ஸ், இன்னொன்று 3 றாத்தலைத் தொடுகிறது. ஒரே மரத்தில் பிளந்த இரண்டு கட்டையே ஒரே நிறை இருக்காது. மெசினுக்கு அது தெரியாது. இலேசான கட்டையில் தடித்த விளிம்பு விடலாம், பாரமான கட்டையில் முதுகின் இரண்டு பக்கமும் குடைந்து எடுக்க வேண்டும். இதைக் கட்டையைக் கையில் தூக்கிய ஆள்தான் முடிவு செய்ய முடியும். அதைவிட மோசம், அலகு பிடியோடு சேருகிற தோள்பகுதியை எல்லாவற்றிலும் கால் அங்குலம் மெலிதாக எடுத்துவிட்டார்கள். கடன்காரன் என் கழுத்தைப் பிடிக்க, நான் அவற்றை முடித்து ‘கைவேலை’ என்று சொல்லியே விற்றேன். அடுத்த மாதம் ஏகாம்பரம் மைதானத்தில் ஒரு போட்டி. யோர்க்கர் ஒன்றைத் தடுத்த பெடியனின் கையில் பிடி மட்டும் நின்றது, அலகு பாயின்ட் பக்கம் போய் விழுந்தது. பெடியன் மெசின்காரனைத் தேடிப் போகவில்லை, என் வீட்டுக்குத்தான் வந்தான். காசைத் திருப்பிக் கொடுத்தேன். மிச்சமிருந்தவற்றைத் தோளில் நூல் சுற்றி மென்பந்துக்கென்று பாதி விலைக்குத் தள்ளினேன்.

மெசின் கூடாது என்று சொல்லவில்லை. பட்டிவாள் மெசின் என்னிடமும் இருக்கிறது. கட்டையின் வெளிப்புறத்தை மரக்காலையில் கொடுத்துத் தள்ளிக்கொள்வேன், அதில் நான் வியர்வை சிந்தி ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனால் சொல்லியே கொடுப்பேன்: எல்லாப் பக்கமும் கால் அங்குலம் கூடவே விடுங்கள், தோளைத் தொடவே வேண்டாம். கடைசிக் கால் அங்குலம் என்னுடையது. அரைவாசி செதுக்கிய அலகு வாங்குவதில் உள்ள வில்லங்கம் அதுதான், அந்தக் கால் அங்குலத்தை யாரோ ஏற்கெனவே எடுத்திருப்பார்கள். எடுத்த மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. ஆகவே முடிந்தால் பிளந்த கட்டையாகவே வாங்குங்கள். காஷ்மீர் வில்லோ என்றால் கதை வேறு. அதைப் பதப்படாத கட்டையாகப் பள்ளத்தாக்குக்கு வெளியே கொண்டுபோக அங்கே சட்டத்தடை இருக்கிறது. அனந்த்நாக், சங்கம் என்ற ஊர்களின் வேலைத்தளங்களிலிருந்து அரைவேலையாகவோ முழுதாகவோதான் எடுக்க வேண்டிவரும். அப்படி எடுத்தால் தோள் தடிப்பை எழுத்தில் கொடுத்து, முதலில் மூன்றே மூன்று எடுப்பித்துப் பாருங்கள். ஐம்பதுக்குக் காசு கட்டிவிட்டு உட்காராதீர்கள்.

அழுத்தும் வேலையைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. கேட்காத கேள்விதான் பெரிய கேள்வி. அலகை உருளைக்குக் கீழே விட்டு, சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 2000 றாத்தல் அழுத்தத்தில் முன்னும் பின்னுமாக இழுப்பது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. குறைய அழுத்தினால் பந்து நன்றாகப் போகும், ஆனால் பத்து நாளில் முகத்தில் குழி விழுந்து வெடிக்கும். கூட அழுத்தினால் வருடக்கணக்கில் இருக்கும், பந்து போகாது. பலகையால் அடிப்பது போலிருக்கும். கடையில் நிற்கிற மட்டைகளில் அனேகம் இந்த இரண்டாவது சாதி. உடைந்து திரும்பி வரக்கூடாது என்று நினைக்கிற வியாபாரிக்கு அதுதான் பாதுகாப்பு. ஆகவே அழுத்தத்தை முன்பின் தெரியாதவரிடம் கொடுத்தால் மட்டையின் உயிரையே கொடுத்த மாதிரி. நான் தொடங்கியபோது இரும்புச் சட்டம், ஓர் உருளை, லொறி ஜக்கு, இவ்வளவுதான். அசிங்கமாக இருக்கும், வேலை செய்யும். ஒவ்வொரு தடவை இழுத்த பிறகும் பழைய பந்தொன்றை ஓரடி உயரத்திலிருந்து முகத்தில் விட்டுப் பாருங்கள். முதலில் ‘தொப்’ என்று விழும். மூன்றாவது நாலாவது தடவையில் சத்தம் மேலேறி, பந்து கையைத் தேடி வரும். அங்கே நிறுத்துங்கள். இன்னும் ஒரு தடவை இழுத்தால் இன்னும் நன்றாக வரும் என்று மனம் சொல்லும். கேட்காதீர்கள்.

அடுத்தது பொருத்து. என்னைக் கேட்டால் மட்டைக்காரனின் கையெழுத்து இதுதான். அலகின் தலையில் ‘வி’ வடிவில் ஒரு வெட்டு, பிடியின் அடியில் அதற்கு ஏற்ற ஆப்பு. பசை போடாமலே இறங்கி நிற்க வேண்டும். நான் செய்வது இப்படி. வெட்டின் இரண்டு உள்சுவரிலும் அடுப்புக்கரி தடவி, பிடியை இறக்கி, கொட்டாப்புளியால் இரண்டு தட்டு. வெளியே இழுத்தால் பிடியில் எங்கெங்கே மேடு இருக்கிறதோ அங்கே கரி ஒட்டியிருக்கும். அந்தக் கரி பட்ட மேட்டை மட்டும் உளியால் மெல்லச் சுரண்டுவேன், மற்ற இடத்தைத் தொடமாட்டேன். திரும்ப இறக்குவேன், திரும்ப இழுப்பேன். எட்டுத்தரம், பத்துத்தரம். கரி புள்ளிபுள்ளியாக இல்லாமல் மேலிருந்து கீழ்வரை ஒரே சாம்பல் நிறமாகப் படிந்தால் பொருத்து அமைந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு கரியைத் துடைத்து, பசை போட்டு இறக்கி, பிடி மயிரிழை முன்பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஒருநாள் தொடாமல் விடுவேன். பசையை நம்பி இடைவெளி விட்டால் அந்தப் பசை வெறும் சுண்ணாம்பு. மட்டை பொருத்தில் விடுவதற்குப் பெரும்பாலும் அதுவே காரணம். இதை யாரிடமும் கொடுக்காதீர்கள். சொந்தத் தம்பியிடம்கூட அவன் இருபது பழைய மட்டையில் பழகிய பிறகே கொடுங்கள்.

நூல் சுற்றுவதை நான் வெளியேதான் கொடுக்கிறேன். திருக்கடலூரில் வலை பொத்துகிற அண்ணை ஒருவர். கடலுக்குப் போவதை நிறுத்தி வெகுநாள். மெழுகு தேய்த்த நூலை அவர் பிடியில் சுற்றுகிற இறுக்கம் எனக்கு வராது, உண்மையைச் சொல்கிறேன். வலை நூலைப் பிடித்துப் பழகிய விரல் அது. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையில் நகம் போகாது. வேலையை வெளியே கொடுப்பதென்றால் இப்படி: நம்மைவிட நன்றாகச் செய்கிறவரிடம் கொடுப்பது. மலிவாகச் செய்கிறவரிடம் கொடுத்தால் என் இருபத்துநாலு அலகுக் கதைதான். ஸ்டிக்கர், றப்பர் உறை, பை எல்லாம் அச்சகத்திலும் கடையிலும் வாங்குங்கள், அதில் பேச ஒன்றுமில்லை.

அளவுச் சட்டத்தை ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். நீளம் 38 அங்குலத்துக்கு மேல் கூடாது, அகலம் 4.25 அங்குலம், 2017 ஒக்டோபரிலிருந்து விளிம்பு 40 மில்லிமீற்றர், மொத்தத் தடிப்பு 67 மில்லிமீற்றர். பிடி மொத்த நீளத்தில் 52 வீதத்தைத் தாண்டக்கூடாது. தடித்த விளிம்பு கேட்டு பெடியன்கள் உயிரை எடுப்பார்கள். அளவுச் சட்டகம் வைத்திருக்கும் நடுவர் வந்தால் அவமானம் அவனுக்கு, பெயர் உங்களுக்கு.

நம்மூர்க் காற்றையும் கணக்கில் எடுங்கள். இந்தப் புத்தி வெளியூர் மட்டைக்காரர் யாரும் சொல்லமாட்டார்கள். கட்டை நமக்கு வரும்போது பத்துப் பன்னிரண்டு வீத ஈரம் இருக்கும்படி காய்ந்துதான் வரும். வாடைக் காலத்தில் கடலோரக் கொட்டிலில் அது ஈரத்தைக் குடிக்கும். அந்த நேரம் பொருத்து வெட்டி ஒட்டினால், ஆடி மாதக் கச்சான் காற்று அடிக்கும்போது மரம் சுருங்கிப் பொருத்து இளகும். ஆகவே கட்டை வந்ததும் இரண்டு மூன்று கிழமை கொட்டிலில் நிறுத்தி வையுங்கள், படுக்க வைக்காதீர்கள், வெறும் சீமெந்துத் தரையில் வைக்கவே வேண்டாம். நான் பொருத்து வேலையைச் சித்திரையிலிருந்து புரட்டாதிக்குள் முடித்துக்கொள்வேன். மாரியில் சீவுவது, திருத்துவது மட்டும். மாரியில் செய்து முடித்த மட்டை தராசில் ஓர் அவுன்ஸ் கூடக் காட்டும், பயப்படாதீர்கள்.

விற்கும்போது என்ன சொல்வது? மட்டையோடு சின்னக் கடதாசி ஒன்று வையுங்கள். மரம் எங்கிருந்து, பிடி எங்கிருந்து, அழுத்தியதும் பொருத்தியதும் செதுக்கியதும் திருகோணமலையில். இவ்வளவு போதும். என் கடதாசியில் ‘நூல்: திருக்கடலூர்’ என்றும் இருக்கும், அண்ணைக்கு அதில் ஒரு பெருமை. இதை எழுதினால் ஆட்கள் வாங்கமாட்டார்கள் என்று நானும் பயந்தேன். 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஓடி, இறக்குமதி மட்டைக்குக் கைவைக்க முடியாமல் போனபோது என்னிடம் வந்தவர்கள் மலிவுக்காகத்தான் வந்தார்கள். பிறகும் வந்துகொண்டிருப்பவர்கள், உடைந்தால் திருத்த ஆள் பக்கத்தில் இருக்கிறான் என்பதற்காக வருகிறார்கள். கடதாசியில் பிடி மீரட் என்று இருப்பதை இதுவரை ஒருவரும் பிழையாக எடுக்கவில்லை.

இன்னொன்று, முதல் வருடம் மென்பந்து மட்டைகளையே அதிகம் செய்யுங்கள். திருகோணமலையில் வார இறுதியில் கடற்கரை முழுக்க அந்த ஆட்டம்தான். ரெனிஸ் பந்துக்கு அழுத்தம் பெரிதாக வேண்டாம், காஷ்மீர் மரமே போதும், முதுகைக் குடைந்து இலேசாக்கினால் சந்தோசமாக வாங்குவார்கள். உங்கள் பிழைகளைப் பழகுவதற்கு அதுதான் இடம். கடினப்பந்தில் உங்கள் பிழை இன்னொருவனின் விரலில் முடியும்.

தேங்காய் எண்ணெய் வேண்டாம் தம்பி. அது மரத்துக்குள் போய் ஈரமாகவே கிடக்கும், காயாது. மட்டை பாரமாகும், ஸ்டிக்கர் நிற்காது, கொட்டிலில் எறும்பு வேறு வரும். ஆளிவிதை எண்ணெய், காய்ச்சாதது, பெயின்ற் கடையில் கேளுங்கள். ஒரு தேக்கரண்டி போதும், துணியால் முகத்திலும் விளிம்பிலும் அடிமுனையிலும் தேய்த்து, ஓர் இரவு படுக்க வைத்து, மறுநாள் இன்னொரு மெல்லிய பூச்சு. பொருத்தில் மட்டும் படவிடாதீர்கள், பசை இளகும். எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள், தானாகச் சூடேறிப் பற்றும். விரித்து வெயிலில் காயப்போட்டுவிட்டுப் பிறகு வீசுங்கள்.